புள்ளியும் நானும் ஒரு கரண்டிச் சோறும்



இந்த மாதச் சுவர் இதழுக்கு ‘நான் செய்த ஒரு தவறு’ என்று எழுதச் சொன்னார் தமிழம்மா. வகுப்பில் பாதிப் பேர் காப்பி அடித்ததையும், மீதிப் பேர் பேனா திருடியதையும் எழுதியிருப்பார்கள். என் தவறு அதைவிடப் பெரியது. நான் ஓர் உயிருக்கு அன்பு காட்டியே அதைக் கொல்லப் பார்த்தேன்!

எங்கள் தெருமுனையில் ஒரு பெண் நாய் மூன்று குட்டி போட்டிருந்தது. அரையாண்டு விடுமுறை தொடங்கிய இரண்டாம் நாள், பெரிய ரோட்டில் லாரி மோதி அது இறந்துவிட்டது. குட்டிகள் மூன்றும் அப்பாவின் மளிகைக் கடைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் கத்திக்கொண்டு கிடந்தன. கொழுத்த ஆண் குட்டியை எதிர்வீட்டு அண்ணன் எடுத்துக்கொண்டு ‘டைகர்’ என்று பெயர் வைத்தான். இன்னொன்றை டீக்கடைத் தாத்தா எடுத்துக்கொண்டார். கடைசியாகக் கிடந்தது நோஞ்சான். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. அதைத்தான் நான் தூக்கி வந்தேன். பெயரும் புள்ளி.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “இது தேறாது. பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நல்லா சாப்பிட்டுத் தேறுச்சுன்னா இருக்கட்டும். இல்லேன்னா மாமா தோட்டத்துக்கு அனுப்பிருவேன்” என்றார்.

மாமா தோட்டம் மலையடிவாரத்தில் இருக்கிறது. ராத்திரியில் சிறுத்தை இறங்கி நாயைத் தூக்கும் என்று மாமாவே சொல்லியிருக்கிறார். பெரிய நாய்க்கே அந்தக் கதி என்றால் புள்ளி எம்மாத்திரம்? பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

அன்றைக்கே அப்பா கடைத் தராசில் புள்ளியை வைத்துப் பார்த்தார். 950 கிராம். “ஒரு கிலோ சீனி கூட இல்லையே!” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரச்சினை என்னவென்றால், புள்ளி சாப்பிடவே இல்லை. பால்கோவாவுக்குப் பேர் போன ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலுக்கா பஞ்சம்? மாமாவே பால்கோவாக் கடைக்குப் பால் ஊற்றுபவர்தான். கறந்த பாலைக் கிண்ணம் நிறைய ஊற்றி வைத்தேன். புள்ளி மோந்து பார்த்தது, நாலு நக்கு நக்கியது, திரும்பிப் படுத்துக்கொண்டது. பிஸ்கட் வைத்தேன். அதை ஓர் ஓரமாகக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தது.

எதிர்வீட்டு டைகரோ கிண்ணத்துக்குள்ளேயே இறங்கி நின்று சாப்பிடும்! எதிர்வீட்டு அண்ணன் வேண்டுமென்றே அதை எங்கள் வாசல் பக்கம் தூக்கி வந்து, “எங்க டைகர் என்னா வெயிட்டு தெரியுமா? உங்க புள்ளி வெறும் கமாதான்” என்பான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

பிறகு வீட்டில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். “கருவாடு போட்டா வாலாட்டிக்கிட்டு வரும்” என்றார் அப்பத்தா. தம்பி பரோட்டாவைச் சால்னாவில் முக்கிப் போட்டான். மாமா பச்சை முட்டையை உடைத்து ஊற்றினார். நான் என் பங்குக்குத் தயிர்ச்சோறும், யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு பால்கோவாவும் வைத்தேன். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து “சாப்பிடு... சாப்பிடு...” என்போம். புள்ளி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும். பிறகு வாலைக் காலுக்கு நடுவில் விட்டுக்கொண்டு சாக்குக்கு அடியில் போய்விடும்.

நாலாம் நாள் தராசில் வைத்தால் 880 கிராம். எழுபது கிராம் குறைந்திருந்தது.

அன்று இரவு நான் செய்ததுதான் அந்தத் தவறு. தம்பி குழந்தையாக இருந்தபோது அவனுக்குப் பால் புகட்டிய சங்கு பரணில் இருந்தது. அதை எடுத்துக் கழுவி, புள்ளியை மடியில் மல்லாக்கப் போட்டு, ஒரு கையால் வாயைப் பிரித்து, இன்னொரு கையால் பாலை ஊற்றினேன். புள்ளி காலை உதைத்தது. நான் விடவில்லை. “நாளைக்கு நீ தொள்ளாயிரம் வரணும்” என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன். திடீரென்று அதன் மூக்கு வழியாகப் பால் வந்தது. இருமியது. உடம்பு முழுக்க நடுங்கியது. கண்ணைச் சொருகிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது.

நான் போட்ட கத்தலில் அப்பா ஓடி வந்து, அதைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்து முதுகைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. ஆனால் விடியும்வரை வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. நான் அதன் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தேன். “ஏத்தா, அழுதா சரியாப் போயிருமா? விடியட்டும், மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ” என்றார் அப்பத்தா. என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்.

காலையில் அப்பாவும் நானும் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு பசுவும், இரண்டு ஆடுகளும், ஒரு கூடை கோழியும் இருந்தன. டாக்டரம்மா முதலில் புள்ளியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். “ஐந்து வாரம் இருக்கும்” என்றார். பிறகு உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறிப் போயிருந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். அது சட்டென்று பழைய நிலைக்குப் போகாமல் மெதுவாக இறங்கியது. “உடம்புல தண்ணி இல்ல. அதான் இப்படி” என்றார்.

“நேத்து என்னென்ன கொடுத்தீங்க?”

நான் சொல்லத் தொடங்கினேன். பால், பிஸ்கட், கருவாடு, பரோட்டா, சால்னா, பச்சை முட்டை, தயிர்ச்சோறு... பால்கோவாவைச் சொல்லும்போது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா தன் கையை மூடிச் சின்னதாக ஒரு முட்டி பிடித்துக் காட்டினார்.

“இதோட வயிறு இதைவிடச் சின்னதும்மா. அதுக்குள்ள ஒரு ஓட்டலையே வச்சிருக்கீங்க!”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் தோலுக்கு அடியில் ஊசி வழியாகத் திரவம் ஏற்றிக்கொண்டே ஒவ்வொன்றாக விளக்கினார். நான் வீட்டுக்கு வந்ததும் அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

தாய் நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல். பால் சர்க்கரை மட்டும் பசும்பாலில்தான் அதிகம். அது குட்டிக்குச் செரிக்காமல் போனால் வயிற்றுப்போக்கு வரும். நான் சத்து என்று நினைத்து ஊற்றியதே அதற்கு வினையானது. மல்லாக்கப் போட்டு ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நாய்க்குட்டி தாயிடம் குடிக்கும்போது கவிழ்ந்து படுத்துத்தான் குடிக்கும். அதைக்கூட நான் கவனித்ததில்லை.

இன்னொன்றும் சொன்னார். குட்டிகளுக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருண்டைப் புழு வந்துவிடலாம். தாய்ப்பால் வழியாகவும் வரலாம். வயிற்றில் புழு இருந்தால் பசி எடுக்காது, உடம்பு தேறாது, வயிறு மட்டும் உப்பும். “இது சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிக்கல. அதுக்கு முடியல” என்றார். இந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் நாலு நாளாக அதை ‘அழுத்தக்காரி’ என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

வயிற்றுப்போக்கு நின்று மூன்றாம் நாள் பூச்சி மருந்து கொடுத்தோம். எடைக்குத் தக்கபடிதான் மருந்தின் அளவாம். அதனால் கடைத் தராசுக்கு மறுபடியும் வேலை வந்தது. மறுநாள் புள்ளியின் வயிற்றிலிருந்து வெளியே வந்ததை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. (நூடுல்ஸ் பிடித்த தோழிகள் மன்னிக்கவும்.)

அதன்பிறகு சாப்பாட்டுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. காலை ஏழு, பகல் பதினொன்று, மாலை நாலு, இரவு எட்டு. குருணையைக் குழைய வேகவைத்து, உப்புப் போடாமல், எலும்பு இல்லாத கோழிக்கறியையோ அவித்த முட்டையையோ மசித்துச் சேர்ப்பேன். அளவு ஒரு கரண்டி. வெதுவெதுப்பாகத்தான் வைக்க வேண்டும். நாய் நாக்கைவிட மூக்கை நம்பிச் சாப்பிடும் பிராணி. ஆறிப் போன சோற்றில் வாசனை எழும்பாது. கால் மணி நேரத்தில் சாப்பிடாவிட்டால் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும்.

சொல்வது சுலபம். முதல் நாள் கிண்ணத்தை எடுத்தபோது என் கை நடுங்கியது. “பச்சப்புள்ள முன்னாடி இருக்கிற சோத்தை எடுக்குறியே, நீ நல்லா இருப்பியா?” என்றார் அப்பத்தா. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தால் புள்ளி சோற்றைப் பார்க்காமல் என்னையே பார்த்தது. நான் கெஞ்சினால் பின்வாங்கியது.

இரண்டாம் நாள் மாலை கிண்ணத்தை வைத்தவுடன் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டேன். திரும்பி வரும்போது ‘சளக் சளக்’ என்று சத்தம். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். புள்ளி சாப்பிட்டுக்கொண்டிருந்தது! ஒரு கரண்டிச் சோறு. அதில் அரைக் கரண்டி காலி. நான் மூச்சு விடாமல் நின்றேன். பின்னால் அம்மாவும் வந்து, எதுவும் பேசாமல் என் தோள்மேல் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐந்து முகங்கள் சுற்றி நின்று ‘சாப்பிடு, சாப்பிடு’ என்றால் யாருக்குத்தான் இறங்கும்? நான் சாப்பிட உட்காரும்போது எதிரே வந்து உட்கார்ந்து, “கணக்குல எத்தனை? சித்தி மகன் தொண்ணூத்தாறாம்” என்று கேட்டால் எனக்கும் சோறு இறங்காது. (அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது இதைப் படிப்பார். படிக்கட்டும்!) சித்தி மகன் முன்னால் நான் எப்படியோ, டைகர் முன்னால் புள்ளி அப்படி. எனக்கு எது பிடிக்காதோ அதையே நான் புள்ளிக்குச் செய்திருக்கிறேன். அதற்குப் பசிக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. டைகரை ஜெயிக்க வேண்டும் என்றுதான் பார்த்தேன்.

நோட்டில் எழுதிய கணக்கு இது. மருத்துவமனைக்குப் போன நாள் 880 கிராம். பூச்சி மருந்து கொடுத்த நாள் 910. அடுத்த ஒரு வாரத்தில் 1 கிலோ 140. பொங்கலன்று 1 கிலோ 450. அன்றைக்குக் கரும்புத் தோகையை இழுத்துக்கொண்டு முற்றம் முழுக்க ஓடியது. அம்மா கோலத்தை அது கலைத்தபோது எல்லோரும் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தோம். “மாமா தோட்டத்துல இத்தனை கோலம் கிடையாது. இங்கயே கிடக்கட்டும்” என்றார். அவ்வளவுதான்!

டைகர் இன்னும் புள்ளியைவிடக் குண்டுதான். இருக்கட்டும். அது டைகர், இது புள்ளி.

குட்டி வளர்க்கும் நண்பர்களுக்காக நோட்டிலிருந்து சில:

1. சின்னக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. மூன்று மாதத்துக்குப் பிறகு மூன்று தடவை, ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு தடவை போதும்.

2. ஒரே நாளில் உணவை மாற்றாதீர்கள். பழைய உணவில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

3. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். பிரியாணி, சால்னா மிச்சத்தைப் போடாதீர்கள். வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் குத்தும்.

4. குட்டி விளையாடிக்கொண்டு, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் பயப்பட வேண்டாம். ஆனால் சோர்ந்து படுத்தால், வாந்தி எடுத்தால், கழிச்சலில் இரத்தம் தெரிந்தால் ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்காதீர்கள். அது பார்வோ என்ற கொடிய நோயாக இருக்கலாம்.

5. அதற்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். குட்டியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதன் புழு நமக்கும் வரும்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று இரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து பத்துக்குப் பத்து வாங்கினேன். அதன் அர்த்தம் ஒரு சங்குப் பாலில்தான் புரிந்தது. அந்தச் சங்கை மறுபடி பரணில் வைத்துவிட்டேன். இப்போது மணி மூன்றே முக்கால். நாலு மணிக்குப் புள்ளிக்கு ஒரு கரண்டிச் சோறு வைக்க வேண்டும் (இப்போது ஒன்றரைக் கரண்டி!). வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

— ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி