கிரீப்பருக்குள் மருந்து வைத்தது யார்?

சிவகாசிப் பட்டாசுப் பெட்டிகளில் பிராணிகளுக்குக் குறைவில்லை. சேவல் உண்டு, அணில் உண்டு. ஆனால் பட்டாசாகவே பிறந்த பிராணி ஒன்று இருப்பதை என் அக்கா மகன்தான் எனக்குச் சொன்னான். மைன்கிராஃப்ட் விளையாட்டில் வரும் கிரீப்பர். பச்சை உடம்பு, கைகள் கிடையாது, நான்கு குட்டைக் கால்கள், அழப்போவது போல் தொங்கிய வாய். சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும். ஒரு சீறல் கேட்கும், வெடித்துவிடும். நின்ற இடத்தில் பள்ளம் விழும், நாம் பாடுபட்டு அடுக்கிய சுவரும் போகும். அதற்குள் வெட்டிச் சாய்த்துவிட்டால் வெடிமருந்து கிடைக்கும். ஒன்றோ இரண்டோ, சில சமயம் அதுவும் இல்லை.

“மாமா, அதுக்குள்ள மருந்து வச்சது யாரு?” என்று கேட்டான். வேறு ஊர்ப் பிள்ளை இப்படிக் கேட்டிருக்குமா தெரியவில்லை. எங்கள் மாவட்டத்தில் மருந்து தானாக எதற்குள்ளும் இருப்பதில்லை. ஒருவர் சலிக்க வேண்டும், ஒருவர் கலக்க வேண்டும், ஒருவர் குழாயில் செலுத்த வேண்டும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நானும் தேட ஆரம்பித்தேன்.

உடம்பின் கதை உடனே கிடைத்தது. மைன்கிராஃப்டை உருவாக்கியவர் மார்க்கஸ் பெர்சன், ஸ்வீடன்காரர். 2009 மே மாதம் விளையாட்டின் முதல் வடிவத்தை வெளியிட்டார். அதில் விடுவதற்கு ஒரு பன்றியைச் செய்யும்போது, நீளத்துக்குப் போட வேண்டிய எண்ணை உயரத்துக்கும் உயரத்துக்கானதை நீளத்துக்கும் மாற்றிப் போட்டுவிட்டார். படுத்திருக்க வேண்டிய உடம்பு செங்குத்தாக எழுந்து நின்றது. அவர் அதை அழிக்கவில்லை. பச்சை பூசி, அதே ஆண்டு வந்த ‘சர்வைவல் டெஸ்ட்’ பதிப்பில் எதிரியாக இறக்கிவிட்டார். கிரீப்பரின் நான்கு கால்களும் அந்தப் பன்றியின் மிச்சம். இதைப் பெர்சனே பலமுறை சொல்லியிருக்கிறார், ரசிகர்களுக்கும் மனப்பாடம். அக்கா மகனுக்கும் தெரிந்திருந்தது. “அது தெரியும் மாமா, வெடிக்கிறது எப்படி வந்துச்சு?” என்றான்.

இங்கேதான் எனக்குச் சுவாரசியம் தட்டியது. பழைய பதிப்புகளின் மாற்றக் குறிப்புகளைப் படித்தால், இன்றைய கிரீப்பரும் அன்றைய கிரீப்பரும் ஒன்றல்ல. சர்வைவல் டெஸ்ட் காலத்தில் அது சீறிக் காத்திருந்து வெடிக்கவில்லை. மற்ற எதிரிகளைப் போல நேராக வந்து தாக்கும். அதை நாம் அடித்துக் கொல்லும்போதுதான் வெடிக்கும். விளையாட்டின் டிஎன்டி கட்டைகளும் அப்போது அப்படித்தான். கையால் தட்டி உடைக்கப் போனாலே பற்றிக்கொள்ளும். 2011 ஜூன் கடைசியில் வந்த பீட்டா 1.7 பதிப்பிலிருந்துதான் டிஎன்டியைப் பற்றவைக்கத் தனியாகச் சிக்கிமுக்கியோ மின்சுற்றோ தேவைப்பட்டது.

திருத்தங்கலில் இருக்கும் என் பெரியப்பா பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இதைச் சொன்னேன். விளையாட்டு என்றால் அவருக்குக் கபடி. ஆனாலும் கவனமாகக் கேட்டார்.

“மொதல்ல செஞ்சதுதான்ப்பா நெசம்,” என்றார். “திரி பத்தி வெடிக்கிறது கடைக்குப் போன சரக்கு. ஆலைக்குள்ள வெடிக்கிறது எல்லாம் தட்டியோ தேச்சோதான். எந்த விபத்தையும் பேப்பர்ல எடுத்துப் பாரு, உராய்வுன்னுதான் போட்டிருக்கும்.”

அவர் சொன்ன கணக்கில் பார்த்தால் 2009இன் கிரீப்பர் ஆலைக்குள் இருக்கும் மருந்து; இன்றைய கிரீப்பர் தீபாவளித் தெருவில் கொளுத்தும் வெடி. இரண்டுக்கும் நடுவில் விளையாட்டு ஒரு திரியைக் கண்டுபிடித்திருக்கிறது. வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. விளையாட்டின் ஒலிப்பட்டியலைத் திறந்தால் கிரீப்பர் சீறுவதற்கும் டிஎன்டி பற்றுவதற்கும் ஒரே கோப்புதான் கொடுத்திருக்கிறது, அந்தக் கோப்பின் பெயரே திரி. பாம்புச் சீறல் என்று நான் நினைத்திருந்தது எரிகிற திரியின் சத்தம். அதன் குணமும் திரியின் குணம்தான். மூன்று கட்டை தூரத்துக்குள் நாம் வந்ததும் பற்றிக்கொள்ளும், ஒன்றரை விநாடியில் வெடிக்கும். அதற்குள் ஓடி விலகினால் அடங்கிவிடும். இப்படி அடங்குவது மட்டும்தான் நம் சரக்கில் கிடையாது. பற்றி அணைந்த வெடியை எடுக்கப் போய்க் கை சுட்டுக்கொள்ளாத பையன் எங்கள் தெருவில் குறைவு.

ஒன்றரை விநாடி என்றதும் பெரியப்பா முகம் சுளித்தார். “கொளுத்துனவன் திரும்பவே நேரம் பத்தாதே.” அவர் சொல்வது சரி. அமெரிக்காவில் விற்கும் பட்டாசின் திரி குறைந்தது மூன்று விநாடி, மிஞ்சினால் ஒன்பது விநாடி எரிய வேண்டும் என்பது அந்நாட்டு விதி. விளையாட்டின் டிஎன்டி நான்கு விநாடி எடுக்கும், அது தேறிவிடும். கிரீப்பர் தேறாது. நம் நாட்டு விதி வெடிச்சத்தத்தை நான்கு மீட்டர் தள்ளி நின்று அளக்கச் சொல்கிறது. விளையாட்டில் ஒரு கட்டை ஒரு மீட்டர். அளக்கிற அதிகாரி ஓரடி முன்னால் வைப்பதற்குள் கிரீப்பர் பற்றிவிடும்.

சரி, மருந்து? கிரீப்பரிடமிருந்து விழும் அந்தச் சாம்பல் நிறப் பொடி விளையாடுபவர் கண்ணுக்கு வெடிமருந்து. ஆனால் பழைய நிரல் கோப்புகளில் அந்தப் பொருளுக்கு இட்டிருந்த பெயர் கந்தகம். பட்டாசுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இது இடிக்கும். கந்தகம் மட்டும் இருந்தால் நீலமாக எரிந்து மூச்சு முட்ட வைக்கும், வெடிக்காது. கருமருந்துக்கு வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 என்பது பழைய கணக்கு. வெடியுப்புதான் ஆக்சிஜன் கொடுக்கிறது. அது இல்லாமல் மற்ற இரண்டும் சேர்ந்து ஒன்றும் கிழிக்க முடியாது. நம் ஊர் வெடிகளிலோ கரிக்குப் பதில் அலுமினியப் பவுடர் ஏறி வெகுகாலம் ஆகிறது. கருமருந்து கருந்திரியிலும் ராக்கெட்டிலும் தங்கிவிட்டது. மைன்கிராஃப்டில் மரத்தை எரித்துக் கரி எடுக்கலாம். ஆனால் எதை எதோடு கலந்தாலும் வெடிமருந்து வராது. பெரும்பாலும் கிரீப்பரைக் கொல்ல வேண்டும், இல்லையென்றால் சூனியக்காரியையோ காஸ்ட் என்ற பறக்கும் பூதத்தையோ. எத்தனையோ பொருட்களைக் கையால் செய்யச் சொல்லும் விளையாட்டு, இதைக் கையால் செய்ய விடவில்லை.

எங்கள் ஊரும் மருந்து பிறந்த ஊரல்ல. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த சரக்கு அது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்தது தீப்பெட்டித் தொழில். மழை பொய்த்த கரிசல் காட்டில் ஈரமில்லாத காற்று தீக்குச்சிக்கு ஒத்துவந்தது, பட்டாசு அதன் பின்னால் வந்தது.

விளையாட்டில் வாணவேடிக்கை வந்தது 2012 டிசம்பரில், 1.4.6 பதிப்பில். காகிதம் ஒன்று, வெடிமருந்து ஒன்று முதல் மூன்று வரை. மருந்து கூடினால் ராக்கெட் உயரம் கூடும். அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்றுதான் சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி ஆலையில் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தெரியும். ஆனாலும் இந்தப் பக்கத்து ஆளுக்கு 2012 என்றால் செப்டம்பரைத் தாண்டித்தான் டிசம்பருக்குப் போக முடியும்.

வாணவேடிக்கையின் நிறத்துக்கு விளையாட்டில் சாயம் சேர்க்கிறார்கள். பச்சை வேண்டுமென்றால் கள்ளியை உலையில் வாட்டினால் போதும். இதைக் கேட்டுப் பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். நம் பச்சை பேரியத்திலிருந்து வந்தது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்த தீர்ப்புக்குப் பிறகு, பச்சைக்கு மட்டுமல்ல, கம்பி மத்தாப்புக்கும் புஸ்வாணத்துக்குமே மாற்றுக் கலவை தேடி அலைய வேண்டியதாயிற்று. “கள்ளி நம்மூர்ல காடாக் கெடக்கே, மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். பள்ளிகளுக்கான மைன்கிராஃப்ட் பதிப்பில் வேதியியல் பாடமே உண்டு. குச்சி, மெக்னீசியம், ஒரு குளோரைடு உப்பு சேர்த்தால் கையில் பிடிக்கும் மத்தாப்பு. ஆரஞ்சுக்குக் கால்சியம், ஊதாவுக்குப் பொட்டாசியம். இதுவரை நம் ஆட்களும் ஒப்புக்கொள்வார்கள். சிவப்புக்குப் பாதரசக் குளோரைடு என்று போட்டிருக்கிறது. நிஜத்தில் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம். பாதரசக் குளோரைடு கொடிய விஷம். பாடம் என்று பெயர் வைத்துவிட்டு இதைச் செய்திருக்க வேண்டாம்.

கடைசியாக, மருந்து வைத்தது யார் என்று கேட்டவனே மருந்து எடுக்க ஓர் ஆலை கட்டிக் காட்டினான். இருட்டான, கூரை தாழ்ந்த தட்டுகள். இருட்டில்தான் கிரீப்பர் தோன்றும். கூரையில் பொறிக்கதவுகளை வரிசையாக அடித்திருந்தான். கிரீப்பரின் உயரம் 1.7 கட்டை, ஜோம்பி 1.95, கதவு அடித்த கூரைக்குக் கீழே ஜோம்பிக்கு இடமில்லை, கிரீப்பருக்கு உண்டு. நடுவில் ஒரு பூனை. 2012 மார்ச் முதல் கிரீப்பருக்குப் பூனை என்றால் பயம். பயந்து ஒதுங்குகிறவை ஓரத்துக் குழியில் விழுந்து சாகும், மருந்து கீழே பெட்டியில் சேரும்.

பெரியப்பா செல்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஒரு ரூம்ல எத்தன நிக்கும்?”

“ஒரு கட்டைல இருபத்தி நாலு வரைக்கும் நிக்கும் தாத்தா. அதுக்கு மேல போனா நெருக்கியே செத்துரும்.”

“நாலு பேருக்கு மேல இருந்தாலே நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க,” என்றார் பெரியப்பா. “பூனைக்குச் சம்பளம் உண்டா?”

“இல்ல.”

“அப்ப இதுக்கு நாக்பூர் வெடிமருந்து ஆபீஸ் லைசென்ஸ் கெடைக்காதுப்பா.”