சீட்டுக்கு அடியில் ஓர் அடுப்பு!

ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க. மே மாசம், மத்தியானம் 2 மணி. பரனூர் டோல்கேட்டில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. மேலே வெயில். கீழே... நீங்க உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு நேர் அடியில் ஓர் எஞ்சின் கொதிச்சுக்கிட்டு இருக்கு. எப்படி இருக்கும்? தோசைக்கல் மேல உட்கார்ந்த மாதிரி இருக்கும் பாஸ். திருப்பிப் போடத்தான் ஆள் இல்லை!

எங்க அப்பாவோட ஆம்னி அது. 1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்து, 1988-ல் ஆம்னி ஆகி, 2019-ல் உற்பத்தி நின்றுபோன அதே டப்பா வண்டி. 796 சி.சி., மூணு சிலிண்டர். எஞ்சினுக்குத் தனி பானெட் கிடையாது, முன் சீட்டுக்கு அடியில்தான் அதுக்கு இடம். அப்பா கல்யாண போட்டோகிராபர். 2007-ல் வாங்கினார். லைட், ஸ்டாண்டு, கேமரா, அசிஸ்டென்ட் எல்லாம் அதிலேயே போகும். அதிகாலை முகூர்த்தம்னா முதல் நாள் ராத்திரியே போய், மண்டப வாசலில் வண்டியிலேயே படுத்துத் தூங்குவார். நாம இப்போ 'கேம்பர் வேன்'னு ஸ்டைலா சொல்றதை மனுஷன் பல வருஷமா சத்தமில்லாம செஞ்சிருக்கார். தப்பு, 'சத்தமில்லாம'ங்கிற வார்த்தையை வாபஸ் வாங்கிக்கிறேன். அந்த வண்டியில் சத்தம்தான் பிரச்னையே!

போன மே மாசம் அந்த வண்டியை நான் இரவல் வாங்கினேன். பின் சீட் மேல கழற்றி மாட்டுற மாதிரி ஒரு பலகை, அதுக்கு மேல மெத்தை, ஜன்னலுக்கு அம்மாவோட பழைய புடவை. ஆச்சு, கேம்பர் ரெடி! நான், ரூம்மேட், எங்க கிளாஸ் டாப்பர் மூணு பேரும் செஞ்சிக்குக் கிளம்பினோம். திண்டிவனம் வரைக்கும் சுமார் 120 கிலோமீட்டர், அங்கே இருந்து வலது பக்கம் திரும்பினா இன்னும் 30. மேல்மருவத்தூர் தாண்டுறதுக்குள்ள என் தொடை வெந்துபோச்சு. பின்னாடி இருக்கிறவன் பேசுறது காதில் விழலை. "என்ன மச்சி?"னு மூணு தடவை கேட்டு, நாலாவது தடவை கேட்க வெட்கப்பட்டு, புரிஞ்ச மாதிரி சிரிச்சேன். சீட் மேல ஒரு கோணிச்சாக்கு மடிச்சு வெச்சிருந்தது. அழுக்கா இருக்கேன்னு கிளம்பும்போது நான்தான் தூக்கிப் போட்டேன். அது எதுக்குன்னு அச்சரப்பாக்கத்தில் புரிஞ்சது.

கோட்டையைச் சுத்திட்டு, ராத்திரி மூடியிருந்த ஒரு டீக்கடை ஓரமா வண்டியை நிறுத்தினோம். கொசுன்னா கொசு, அப்படி ஒரு கொசு! கண்ணாடியை முழுசா ஏத்திட்டோம். போன் சார்ஜ் ஆகணும், குட்டி ஃபேன் ஓடணும்னு எஞ்சினை ஆஃப் பண்ணாம விட்டோம். இங்கேதான் கவனமா படிங்க.

ராத்திரி 3 மணிக்கு டாப்பர் வாந்தி எடுத்தான். அவன்தான் முன் சீட்டைச் சாய்ச்சுப் படுத்திருந்தான். எனக்கும் மண்டைக்குள்ள சுத்தியல் அடி. புரோட்டா சரியில்லைன்னு பேசிக்கிட்டே கதவைத் திறந்து கீழே இறங்கினோம். வெளிக்காத்து பட்டதும் தலைவலி கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சது. அப்போதான் எங்க மெக்கானிக்கல் மூளை லேட்டா வேலை செஞ்சது. புரோட்டா மேல எந்தத் தப்பும் இல்லை. எஞ்சினை நிறுத்திட்டு, செல்போன் டார்ச்சை எஞ்சின் பக்கம் வெச்சு அடிச்சேன். சீட்டுக்குக் கீழே இருக்கிற மூடியோட விளிம்பு வழியா வெளிச்சம் உள்ளே வருது. வெளிச்சம் வர்ற வழியில் புகை வராதா?

கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம்ம ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் ரெண்டு பேர் இறந்து கிடந்தார்களே, காரணம் இதே வாயுதான். நாங்க பிழைச்சது புத்தியால இல்லை, வாந்தியால! அந்த மாதிரி தலைவலி வந்தா உடனே வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாங்க போகலை. அது எங்க ரெண்டாவது முட்டாள்தனம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா திட்டலை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "கண்ணாடியை ஏத்திட்டா படுத்தீங்க?"ன்னு மட்டும் கேட்டார். அவர் ஒரு நாளும் ஏத்தினது இல்லையாம். பேட்டரி சார்ஜ் போட அவரும் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கியிருக்கார். ஆனா வெக்கை தாங்காம எப்பவும் ரெண்டு பக்கமும் கண்ணாடி இறங்கியே இருக்கும். எந்த வெக்கையை நான் அவ்வளவு திட்டினேனோ, அதுதான் அவரைக் காப்பாத்தியிருக்கும்னு நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கழற்றினோம். கம்பெனி ஒட்டின ஃபெல்ட் புதுசில் நல்லாத்தான் இருந்திருக்கும். 18 வருஷம் ஆனா எதுதான் தேயாது? தொட்டதும் கருவாடு மாதிரி உதிர்ந்தது. ஒரு பக்கம் முழுக்க எண்ணெய் குடிச்சிருந்தது. மூடியைச் சுத்தி இருந்த ரப்பர் பீடிங் காய்ஞ்சு, முறுக்கு மாதிரி உடைஞ்சது. ஃபெல்ட்டுக்குக் கீழே தகரத்தில் துரு. எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துட்டு, "எண்ணெய் குடிச்ச துணிக்கு வேற பேர் விளக்குத்திரி, தம்பி. பெட்ரோல் வண்டியில திரியை வெச்சுக்கிட்டா சுத்துனீங்க?"ன்னார். சைலன்ஸர் ஜாயின்டில் புகை கசியறதையும் அவர்தான் கண்டுபிடிச்சார். முதல்ல அதைச் சரிபண்ணினோம். கசிவை விட்டுட்டு மெத்தை மாத்துறது, ஓட்டைக் குடத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை!

அடுத்து, சாமான். சென்னையில் வண்டி சாமான்னா ஜி.பி. ரோடுதானே? அண்ணா சாலையிலிருந்து பிரிஞ்சு ராயப்பேட்டை பக்கம் போகிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. சத்யம் தியேட்டருக்கு நூறு தடவை போயிருப்பீங்க, பக்கத்தில் இருக்கிற இந்த ரோட்டை ஒரு தடவை நடந்து பாருங்க. சீட் கவர் தைக்கிற மெஷின் சத்தம், ரெக்ஸின் வாசனை, நடைபாதையில் விரிச்ச கார் மேட், ஒவ்வொரு கடையிலும் டெஸ்ட் பண்ற ஹாரன். பார்க்கிங்? அதைப் பத்திப் பேசவேண்டாம். பஸ்ஸில் போங்க.

எங்க ஒரிஜினல் பிளான் செம சீப். ரூம்மேட்டோட யோகா மேட்டை வெட்டி ஒட்டிடலாம்! நாங்க போன கடையில் இருந்த பாய் அதைக் கேட்டுச் சிரிக்கவே இல்லை. மேட்டில் ஒரு துண்டு வெட்டி, வாசலுக்குப் போய் லைட்டரைக் காட்டினார். குபுகுபுன்னு பிடிச்சு, சொட்டுச்சொட்டா எரிஞ்சு விழுந்தது. அடுத்து கடைச் சரக்கில் ஒரு துண்டு. நெருப்பை எடுத்ததும் அதுவே அணைஞ்சுபோச்சு. "சூட்டை யார் வேணா தடுக்கலாம், தீ வந்தா அது என்ன பண்ணுதுன்னு பாருப்பா" என்றார். ஒரு செமஸ்டர் ஹீட் டிரான்ஸ்ஃபர் படிச்சும் எனக்கு இது தோணலை.

வெள்ளி ஷீட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கு. சிலது நிஜ அலுமினியம், சிலது வெள்ளிப் பூச்சு பூசின பிளாஸ்டிக். கையில் கசக்கிப் பாருங்க. அலுமினியம் கசங்கினது கசங்கினபடி நிற்கும். பிளாஸ்டிக் விரிஞ்சுக்கும். எஞ்சின் பக்கத்தில் பிளாஸ்டிக்கை ஒட்டினா என்ன ஆகும்னு நான் சொல்லவேண்டியதில்லை. வெள்ளிப் பக்கம் எஞ்சினைப் பார்த்தபடி இருக்கணும், நடுவில் கொஞ்சம் காத்து இருக்கணும். கண்ணாடி மாதிரி கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புறதுதான் அதோட வேலை. சூடான உலோகத்தோட ஒட்டிக்கிட்டா அலுமினியமே சூட்டைக் கடத்த ஆரம்பிச்சிடும். சூட்டை உண்மையில் தடுக்கிறது பஞ்சுக்குள்ள அடைஞ்சிருக்கிற காத்துதான். இரும்பைவிட ஆயிரம் மடங்குக்கு மேல மோசமான கடத்தி அது. அதனாலதான் தண்ணி குடிக்காத, மூடின துளை இருக்கிற ஃபோம் வாங்கணும். ஈரம் ஏறினா காத்து போய்த் தண்ணி உட்காரும். சூடும் கடத்தும், தகரமும் துருப்பிடிக்கும்.

சத்தத்துக்கு வேற வைத்தியம். தகரத்தை விரலால் தட்டினா 'டங்'குன்னு பாடும். அது மேல கறுப்பா, தார் மாதிரி கனமா இருக்கிற பியூட்டைல் ஷீட்டை ஒட்டி ரோலரால் அழுத்தினா அதே தகரம் 'டொப்'புன்னு வாயை மூடிக்கும். முழுசா ஒட்டணும்னுகூட இல்லை, ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் கால் பங்கு ஒட்டினாலே நல்ல வித்தியாசம். நாங்க ஆர்வக்கோளாறில் முழுசா வாங்கப் பார்த்தோம், பாயே தடுத்துட்டார். வியாபாரம் தெரியாத வியாபாரி!

மூடி வளைஞ்சிருந்ததால் கூவம் பாலத்தைத் தாண்டிப் புதுப்பேட்டைக்கும் ஒரு நடை. 2006-ல் வந்த செல்வராகவன் படத்தை மனசில் வெச்சுக்கிட்டுப் பயந்து பயந்து போனா, அங்கே கதவு ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை, ஸ்டீயரிங் ஒரு கடைன்னு பிரிச்சு அடுக்கி வெச்சிருக்காங்க. பழைய ஆம்னி மூடி ஒண்ணு வளையாம கிடைச்சது. பேரம் பேசினது டாப்பர். கணக்கில் சென்டம் வாங்கினவன், 50 ரூபாய் குறைக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கிட்டான்.

ரெண்டு நாள் வேலை. பழைய ஃபெல்ட்டைச் சுரண்டும்போது முகத்தில் மாஸ்க் போட்டு, தண்ணி தெளிச்சு ஈரமாக்கித்தான் சுரண்டினோம். ரொம்பப் பழைய வண்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதைக் காய்ஞ்ச தூளா மூச்சில் இழுக்கக் கூடாது. துருவைத் தேய்ச்சு எடுத்து, பிரைமர் அடிச்சு, அது காய்ஞ்சப்புறம் ஷீட், மேலே ஃபோம், மூடிக்கு அடியில் வெள்ளி ஷீட், சுத்தி புது பீடிங். ராத்திரி உள்ளே டார்ச் வெச்சு, வெளியே இருந்து பார்த்தோம். ஒரு பொட்டு வெளிச்சம் வரலை. மொத்தச் செலவு 4,200 ரூபாய். கூரைக்குக் காசு பத்தலை, அது அடுத்த ஸ்டைபெண்டில்! (சீட்டையே எடுத்துட்டு நிரந்தரக் கட்டில் போடலாமேன்னு கேட்காதீங்க. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு பாயும். மெத்தை மாத்துறதுக்கு அந்தப் பிரச்னை இல்லை.)

லேபில் இரவல் வாங்கின தெர்மாமீட்டரில் சீட் தகடு 58 டிகிரியிலிருந்து 43-க்கு இறங்கியிருந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் சத்தம், போன் ஆப் கணக்குப்படி 82 டெசிபலிலிருந்து 77. 'வெறும் அஞ்சா?'ன்னு நினைக்காதீங்க, ஒலி ஆற்றல் மூணில் ஒரு பங்கா குறைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

போன மாசம் திருவண்ணாமலையில் ஒரு முகூர்த்தம். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில். கிளம்பும்போது வழக்கம்போலக் கோணியை மடிச்சு சீட்டில் போட்டுத்தான் உட்கார்ந்தார். நான் ஒண்ணும் சொல்லலை. மதுராந்தகம் தாண்டினதும் ஒரு கையால் அதை உருவிப் பின்னாடி போட்டார். வீட்டில் அப்பா எப்பவும் கத்தித்தான் பேசுவார். கோபக்காரர்னு நானும் அக்காவும் சின்ன வயசிலேயே முடிவு பண்ணிட்டோம். அன்னிக்கு திண்டிவனம் வரைக்கும் சாதாரணக் குரலில் அக்கா கல்யாணத்தைப் பத்திப் பேசிக்கிட்டே வந்தார். எனக்கு ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு.

செஞ்சி ரோட்டில் திரும்பினதும் பேச்சை நிறுத்திட்டுக் காதைச் சாய்ச்சார். பின் கதவிலிருந்து 'கடகட'ன்னு ஒரு சத்தம்.

"இது எத்தனை வருஷமாடா அடிக்குது?"ன்னு கேட்டார்.