மயிலிட்டியில் ஒரு வளவு

யாழ்ப்பாணத்தில் வளவு என்னுஞ் சொல் வீடு நிற்கும் நிலத்தை மாத்திரம் குறிப்பதன்று. கிணறும் துலாவும், வேலியிலே நிற்கும் கிளுவையும் பூவரசும், எல்லையிலே நிற்கும் பனைகளும், அடுக்களைப் பக்கத்து முருங்கையும் யாவுஞ் சேர்ந்ததே வளவு. அத்தகைய வளவொன்று உரியவரின் காலடி படாது 27 ஆண்டுகள் கிடந்தால் என்னவாகும் என்பதை அறிய விரும்புவோர் வலிகாமம் வடக்கிற்கு ஒருமுறை சென்று வருதல் வேண்டும்.

சென்ற மாசி மாதத்தில், நண்பர் ஒருவரோடும் அவருடைய வயது முதிர்ந்த அன்னையாரோடும் நாம் அங்கு சென்றோம். காங்கேசன்துறை வீதி வழியே சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களைக் கடந்து, மாவிட்டபுரத்துக் கந்தனை வணங்கி, கடற்கரையை அடைந்து கிழக்கே திரும்பினோம். 1990 ஆம் ஆண்டு யூனில் இப்பகுதி மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு வெளியேறினர். மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த காணிகளிற் சிலவும் 2017 ஆம் ஆண்டு யூலையிலேதான் மக்களிடம் மீண்டன. காணி மீண்டபோதிலும் வீடு கட்டும் வசதி எல்லோருக்கும் உடனே வாய்த்துவிடவில்லை. ஆகவே ஒவ்வொரு மாரியும் பற்றையை மேலும் ஒரு சாண் உயர்த்திவிட்டே சென்றது.

நண்பரின் வளவு 12 பரப்பு. 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர் என்பதை நம்மவர் அறிவர். கூரையற்ற இரண்டு சுவர்களைத் தவிர வேறொன்றும் வீதியிலிருந்து தெரியவில்லை. நாயுண்ணியும் எருக்கலையும் மார்பளவு நின்றன. இடையிடையே வடலிகளும் வேப்பங் கன்றுகளும் தலைநீட்டின. வீதியோரமெங்கும் பார்த்தீனியம் வெண்பூப் பூத்திருந்தது.

இதனைத் துப்புரவு செய்வது எவ்வாறு என்பதே அன்றைய வினா. கனடாவிலிருக்கும் இளைய மகன், பெக்கோ இயந்திரத்தை விட்டு ஒரே நாளில் வழித்துவிடும்படி பணம் அனுப்பியிருந்தார். மூத்தவருக்கும் அதுவே இலகுவெனத் தோன்றியது. அன்னையார் மாத்திரம் இசையவில்லை.

“தம்பி, எல்லாத்தையும் வழிச்சுப் போட்டால் என்ரை வளவை நான் எப்பிடி அடையாளம் பிடிக்கிறது? எல்லைக் கல்லும் போயிடும், கிணறும் தூந்துபோயிடும்” என்று அவர் எம்மை நோக்கிக் கூறினார்.

அவர் கூற்றில் நியாயம் இருந்தது. வேலிகள் அழிந்துபோன ஊரில், நிலத்திலே புதைந்து நிற்கும் கல்லும் பழம் பனையுமே காணிக்குச் சாட்சிகள். அவற்றைப் பெயர்த்தபின், உறுதியில் எழுதிய எல்லையை நிலத்திலே காட்டுவது அரிதாகிவிடும். மேலும் இப்பகுதியில் மண் ஆழமற்றது. அதன் கீழே சுண்ணாம்புக்கற் பாறை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 ஆம் ஆண்டு இங்கே எழுந்ததற்கும் அக்கல்லே காரணம். உள்ள சிறிதளவு மேல்மண்ணையும் வழித்தெறிந்தால் பின்னர் ஒரு கத்தரிக் கன்றும் தழைக்காது.

எனவே புல்வெட்டும் இயந்திரமே தக்கது என முடிவாயிற்று. ஆயின் எவ்வகை இயந்திரம்?

சில்லுகளில் உருட்டிச் செல்லும் வகை, 1830 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் என்னும் நெசவூரில் எட்வின் பட்டிங் என்பார் அமைத்த பொறியின் வழிவந்தது. கம்பளித் துணியின் மேற்பரப்பைச் சமமாகக் கத்தரிக்கும் ஆலைப்பொறியைக் கண்டே அவர் அதனை உருவாக்கினார். துணி விரித்தாற்போன்ற புற்றரைக்கு அது சாலப் பொருந்தும். கல்லும் கட்டையும் நிறைந்த மயிலிட்டி வளவுக்குப் பொருந்தாது.

தோளிலே வாரால் தொங்கவிட்டு, நீண்ட தண்டின் நுனியிலே வெட்டும் வகையே இங்கு ஏற்றது. இதன் நுனியில் நைலோன் இழையையும் பூட்டலாம், உருக்குத் தகட்டையும் பூட்டலாம். இழையாற் புல் வெட்டும் முறையை 1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து ஜோர்ஜ் பாலஸ் என்பார் கண்டார். மோட்டார் வாகனங்களைக் கழுவும் பொறியின் சுழல் தூரிகைகளே அவருக்கு வழிகாட்டின. ஒரு தகரப் பேணியில் மீன்பிடி இழையைக் கோத்துச் சுழலவிட்டே முதலிற் பரிசோதித்தார். மயிலிட்டிக் கடற்றொழிலாளர் நன்கறிந்த தங்கூசியின் உறவினமே அவ்விழை என்று கூறியபோது அன்னையார் வாய்விட்டுச் சிரித்தார்.

சுவரோரத்து இளம்புல்லுக்கும் எல்லைக்கல்லின் அருகிலும் இழையே நன்று. மரமாகிய தண்டுள்ள நாயுண்ணிக்கு உருக்குத் தகடு வேண்டும். ஆயின் தகடு கல்லிற் பட்டால் தெறிக்கும். சிறிய வீட்டு முற்றத்துக்கு 25 கனசென்ரிமீற்றர் அளவான எஞ்சின் போதும். இத்தகைய பற்றைக்கு 40 அளவிலேனும் இருத்தல் நலம். இரண்டடிப்பு எஞ்சினாயின் பெற்றோலுடன் எண்ணெய் கலக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40. தயாரித்தோர் குறித்த அளவையே பின்பற்றுக. நான்கடிப்பு எஞ்சினுக்குக் கலவை வேண்டுவதில்லை. கண்ணுக்குக் கவசமும் காலுக்கு உயர்ந்த சப்பாத்தும் இன்றி எவரும் இதனைத் தொடலாகாது. பிறர் 15 மீற்றருக்கு அப்பால் நிற்றல் வேண்டும்.

பெரிய இயந்திரத்தை ஆளோடு கூலிக்குப் பிடித்து முதல் வெட்டை முடிப்பது. பின்னர் பராமரிப்புக்குச் சிறியதொன்றை வாங்குவது என நண்பர் தீர்மானித்தார். இயந்திரம் இறங்குமுன் செய்யவேண்டியவையும் இருந்தன. கண்ணிவெடி அகற்றப்பட்ட காணிதானா என்பதை உறுதிசெய்தல் முதலாவது. ஐயத்துக்குரிய பொருள் எதனையுந் தொடாது அதிகாரிகளுக்கு அறிவித்தல் இரண்டாவது. புடையனும் சுருட்டையும் உறையும் இடமாதலால் நீண்ட தடியாற் பற்றையைத் தட்டிச் செல்லல் மூன்றாவது. பூத்த பார்த்தீனியத்தை இயந்திரத்தால் அடித்தால் மகரந்தமும் விதையும் எங்கும் பரவும். தோலரிப்பும் இழுப்பும் உண்டாகும். அதனைக் கையுறை அணிந்து, பூக்குமுன் வேரோடு பிடுங்குவதே முறை.

கிணற்றைக் கண்டுபிடித்தவர் அன்னையாரே. இடிந்த அடுக்களைச் சுவரின் மூலையிலே நின்று, வடகிழக்காகக் கைகாட்டி, “பதினெட்டுக் காலடி” என்றார். கூலியாள் கத்தியால் கொடிகளை மெல்ல அரிந்துகொண்டே சென்றார். பதினாறாம் அடியிலே கட்டு இடிந்த கிணற்றின் விளிம்பு தென்பட்டது. அடியிலே நீர் நின்றது. உடனே நான்கு தடிகளை நாட்டி, சிவப்புத் துணி கட்டி, அப்பக்கம் இயந்திரம் செல்லாதவாறு அடையாளமிட்டோம்.

அதன் பின்னரே எஞ்சின் முழங்கியது. மாலைக்குள் நான்கு பரப்பு வெளித்தது. மேற்கு எல்லைக் கற்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. வடலிகளில் எவற்றை விடுவது, எவற்றை வெட்டுவது என்பதை அன்னையார் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். கிணற்றை இறைத்துப் பார்க்க மறுவாரம் ஆள் வரும் என்று நண்பர் கூறினார்.