நாலு மைக்ரோசெகண்ட்

நாமக்கல் லாரி எலக்ட்ரீசியன்கள் 'கேன் ஃபால்ட்' என்று சொல்லும்போது ஒரு சலிப்பு இருக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் அது அன்றாடப் பேச்சாகிவிட்டது. இன்ஜின், பிரேக், டேஷ்போர்டு, யூரியா டேங்க் எல்லாம் முறுக்கிய இரண்டே வயரில் பேசிக்கொள்கின்றன. 1986இல் பாஷ் நிறுவனம் வெளியிட்ட ஏற்பாடு இது. கனரக வண்டிகளில் பெரும்பாலும் நொடிக்கு 2,50,000 பிட். ஒரு பிட்டுக்கு நாலு மைக்ரோசெகண்ட்.

பெங்களூரில் என் வேலையில் ஒரு பிட் 125 பிக்கோசெகண்ட். லாரியோடது அதைப்போல 32,000 மடங்கு நீளம். ஆனால் கேள்வி ஒன்றுதான்: வர வேண்டிய நேரத்துக்கு விளிம்பு வந்ததா, எவ்வளவு முன்னே பின்னே? அந்தத் தள்ளாட்டம்தான் ஜிட்டர். அதில் ஒரு பகுதி வெறும் இரைச்சல். காரணம் கேட்டுப் பயனில்லை. மிச்சத்துக்குக் காரணம் உண்டு. ரெண்டையும் பிரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மாமாவுக்கு வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் காதாலேயே பாதி தெரிந்துவிடும். இப்போது ஸ்கேனர் இல்லாத பட்டறைக்கு வண்டி வருவது குறைந்துவிட்டது. ஸ்கேனர் வைத்திருப்பவர்களும் அது சொல்லும் பாகத்தை மாற்றிவிட்டு அனுப்புகிறார்கள், அது வேறு கதை. தீபாவளிக்குப் போயிருந்தபோது ஒரு முட்டை லாரி நின்றது. குழியில் இறங்கினால் பிக்கப் செத்துவிடும், பிறகு தானே சரியாகும். ராத்திரி கேரளாவுக்கு லோடு. மூன்று இடம் பார்த்துவிட்டு மாமாவிடம் வந்திருந்தார்கள்.

என் யுஎஸ்பி ஆசிலோஸ்கோப்பை மாட்டி, ஒவ்வொரு விளிம்பும் எவ்வளவு தள்ளி வருகிறது என்று வரைந்தேன். அழகான அலை. ஆக்சிலேட்டரை மிதித்தால் நெருங்கியது, விட்டால் விரிந்தது.

"பாத்தியா கண்ணு, ஆல்டர்னேட்டர்தான். மாத்திரலாம்" என்றார் மாமா. ஓனர் அதற்குள் விலை கேட்க போனை எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் இருங்க மாமா."

எதை வடிகட்டிப் பார்ப்பது என்பதை என் இஷ்டத்துக்கு முடிவு பண்ண முடியாது. கேட்கிற காதுதான் அதை முடிவு பண்ணும். கேன் ரிசீவர், 1லிருந்து 0 ஆகும் ஒவ்வொரு விளிம்பிலும் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். ஒரே பிட் ஐந்து முறை வந்தால் எதிர்பிட் ஒன்றைச் செருகுவது விதி. அதனால் அதிகபட்சம் பத்து பிட்டுக்கு, அதாவது 40 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை திருத்தம் நடந்துவிடும். ஆல்டர்னேட்டர் அலையோ ஒரு சுற்றுக்கு கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட் எடுத்தது. ரிசீவருக்கு அது மெதுவாக ஆடும் தொட்டில்; கூடவே ஆடிவிடும். நம் கண்ணுக்குத்தான் பெரிசு.

ரிசீவர் செய்வதையே கணக்கில் செய்து, அந்தந்தத் திருத்தத்திலிருந்து அளந்தேன். அலை மறைந்தது. மிஞ்சியதைக் குவித்துப் பார்த்தால் ஒரு மேடு இல்லை, ரெண்டு. வெறும் இரைச்சல் என்றால் ஒற்றை மேடாகத்தான் குவிந்திருக்கும். பிந்திய மேட்டில் இருந்ததெல்லாம் 0லிருந்து 1க்குப் போகும் விளிம்புகள்.

0வை சிப் இழுத்துப் பிடிக்கிறது. 1ஐ யாரும் இழுப்பதில்லை. வயர் தானாகத் தளர வேண்டும். தளர விடுவது ரெண்டு முனையிலும் இருக்கும் 120 ஓம் ரெசிஸ்டர்கள். சாவியை ஆஃப் பண்ணி ரெண்டு வயருக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 60 காட்ட வேண்டும்.

மாமாதான் மீட்டர் வைத்தார். 120.

"ஒண்ணு இல்லவே இல்ல" என்றார். ஒன்று இல்லாமலும் நின்ற இடத்தில் வண்டி எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் குழி? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் சேஸிஸுக்கு அடியில் படுத்து, இன்னொரு முனை கனெக்டரைத் தட்டினார். எண் 120லிருந்து கிலோ ஓமுக்குத் தாவியது. இருந்த ஒன்றும் லூஸ். அது விலகும் நேரத்தில் வயர் நாலு மைக்ரோசெகண்டுக்குள் தளரவே தளராது. 1 வர வேண்டிய இடத்தில் 0 நிற்கும்.

புது பின் அடித்து, இல்லாத முனையில் ஏழெட்டு ரூபாய் ரெசிஸ்டரை வைத்து ஸ்லீவ் போட்டோம். மீட்டர் 60. ஆல்டர்னேட்டர் அலை அப்படியேதான் இருந்தது, அதைத் தொடவில்லை. ஒன்பது மணிக்கு லாரி கிளம்பியது. ஃப்ரேமை நீட்டி பாடி கட்டியபோது அந்த வயரை வெட்டி ஒட்டிய பட்டறைக்கு மாமா போன் போட்டார். பேசியதை இங்கே எழுத முடியாது.