மாடித் தொட்டியில் ஓர் அமானிதம்

அல்ஹம்துலில்லாஹ், எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் ஜிலேபிக் கெண்டைகள் வளர்கின்றன; அந்நீரிலேயே மண்ணின்றிக் கீரையும் புதினாவும் தழைக்கின்றன. மீன்கழிவின் அம்மோனியா மீன்களுக்கே நஞ்சு. கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அதை வேர்கள் உறிஞ்சிக்கொள்ள, தெளிந்த நீர் தொட்டிக்குத் திரும்புகிறது. ஒன்றின் கழிவை மற்றொன்றின் உணவாக்கிய அல்லாஹ் தூயவன்.

கீரையில் அசுவினி கண்டாலும் பூச்சிமருந்து தெளிப்பதில்லை; அது மீன்களைக் கொன்றுவிடும். கையாலேயே துடைத்தெடுக்கிறோம். நள்ளிரவில் மின்சாரம் நின்று மோட்டார் ஓய்ந்தால், மீன்கள் மூச்சுத் திணறாதிருக்க நீரை மொண்டு மொண்டு ஊற்றுகிறோம்.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். அந்நன்மையை நாடும் நாம், வாயில்லா இவ்வுயிர்களைப் பற்றியும் நாளை விசாரிக்கப்படுவோம் என்பதை மறவாதிருப்போமாக.