பெர்ஹெந்தியான் தீவில் மூன்று நாள்

மலேசியத் தமிழர்களாகிய நமக்கும் கடலுக்கும் உள்ள உறவு விந்தையானது. நம் பாட்டன்மார் ரஜூலா போன்ற கப்பல்களில் நாள்கணக்கில் அலைபட்டுப் பினாங்கிலும் கிள்ளானிலும் வந்து இறங்கினார்கள். இறங்கிய கையோடு கடலுக்கு முதுகைக் காட்டி ரப்பர்க் காட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். அதன் பின் கடல் என்பது, போர்ட்டிக்சனிலோ தெலுக் பாத்திக்கிலோ ஆண்டுக்கொரு முறை சோற்றுப் பொட்டலம் பிரிப்பதற்கும், இறந்தோரின் சாம்பலைக் கரைப்பதற்கும் உரிய இடமாகச் சுருங்கிப்போனது. என் வகுப்பில் ‘நீந்தத் தெரிந்தவர் யார்?’ என்று கேட்டால் மூன்று நான்கு கைகளுக்கு மேல் உயர்வதில்லை.

எங்கள் வீட்டில் இதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 1984-இல் என் அண்ணன் ஈயக்குட்டையில் மூழ்கி இறந்தான். அவனுக்கு அப்போது பதினொரு வயது, எனக்கு எட்டு. கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குட்டைகளைத் தெரியும். ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் கிடக்கும். பார்வைக்கு அமைதியான ஏரி. கரையிலிருந்து இரண்டடி வைத்தால் தரை இராது. அன்றிலிருந்து அம்மா எங்களை ஆற்றுப் பக்கமும் விட்டதில்லை. ஆகவே, கடந்த 2025 மே மாத இறுதியில் வந்த பள்ளி விடுமுறைக்குப் பெர்ஹெந்தியான் போகலாம் என்று என் மகள் கேட்டபோது, ஒப்புதல் பெற வேண்டியது என்னிடமன்று, எழுபத்து நான்கு வயது அம்மாவிடம். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “நானும் வருவேன்” என்றார்.

ஈப்போவிலிருந்து கிரிக், ஜெலி வழியாகக் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் காட்டைக் கடந்தோம். சாலையில் யானைச் சாணம் கிடந்தது, யானையைக் காணோம். கோலா பெசுட் துறையில் மகிழுந்தை நிறுத்திவிட்டு விரைவுப் படகில் ஏறினால் அரைமணி, முக்கால் மணியில் தீவு வந்துவிடும். படகு அலைமேல் தாவித் தாவி விழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனை அழைத்துக்கொண்டே வந்தார்.

‘பெர்ஹெந்தியான்’ என்றால் மலாய்மொழியில் நிறுத்தம், தங்குமிடம். பாய்மரக் காலத்தில் சயாமுக்கும் மலாயாவுக்கும் இடையே சென்ற வணிகர்கள் இங்கே கலம் நிறுத்தி இளைப்பாறியதால் வந்த பெயர் என்பர். பெசார், கெச்சில் என இரு தீவுகள். நடுவே குறுகலான நீரிணை. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் விடுதிகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிடும். பிப்ரவரி வரையில் கடல் யாருக்கும் இசையாது.

மறுநாள் காலை, வாடகைப் படகில் பவளப்பாறைகளைப் பார்க்கக் கிளம்பினோம். படகோட்டி கெச்சில் தீவின் மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவர். நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் ‘சிக்கு, சிக்கு’ என்றே அழைத்தார். உயிர்காப்புச் சட்டையின் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, அவர் சொன்ன முதற்பாடம்: “ஜாங்ஙான் பிஜாக் காராங், சிக்கு.” பவளத்தை மிதிக்காதீர்கள். அம்மா படகிலேயே அமர்ந்துவிட்டார்.

ஸ்நோர்க்கல் என்பது பெரிய வித்தையன்று. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, வாயில் கவ்வும் குழல், அவ்வளவே. கடினமானது, முகத்தை நீருக்குள் வைத்துக்கொண்டு மூச்சை இழுப்பதுதான். நீருக்குள் மூச்சு விடக்கூடாது என்று உடம்பு நாற்பது ஆண்டுகளாகக் கற்று வைத்திருக்கிறது. குழலைக் கவ்வியபடி படகின் ஏணியை நான் விடாமல் பிடித்திருந்தேன். பன்னிரண்டு வயது மகள் அதற்குள் பத்தடி தள்ளி மிதந்துகொண்டிருந்தாள். “அப்பா, கீழே பாருங்க!” என்று அவள் குழலுக்குள்ளேயே கத்தியது கொம்பு ஊதியதுபோல் கேட்டது. கையை விட்டேன்.

கீழே ஓர் ஊர் இருந்தது. மான்கொம்பு போன்றும், மூளையின் மடிப்புப் போன்றும், மேசைப் பலகை போன்றும் பவளங்கள். அறிவியல் பாடத்தில் ‘பவளம் ஓர் உயிரினம்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு பாறையும் பல்லாயிரம் சிற்றுயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய குடியிருப்பு. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கின்றன. பவளத்தின் நிறத்திற்கும் பெரிதும் அவையே காரணம். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். படகோட்டி ஏன் மிதிக்காதே என்றார் என்பது அப்போது புரிந்தது.

கிளிமீன் ஒன்று பாறையைக் கரகரவெனக் கடிப்பது நீருக்குள் தெளிவாகக் கேட்டது. கடித்த சுண்ணாம்பை அது மணலாக வெளியேற்றும். நாம் வியந்து நடக்கும் வெண்மணலில் பெரும் பங்கு இந்த மீன்களின் கழிவுதான். இதைச் சொன்னதிலிருந்து மகள் கரையில் செருப்பில்லாமல் நடக்க மறுத்துவிட்டாள்! சுறா முனை என்னும் இடத்தில் துடுப்பின் நுனி கறுத்த சுறா இரண்டு எங்களைக் கண்டு ஒதுங்கிப் போயின. அவை மனிதரை நாடி வருவனவல்ல. அம்மாவிடம் மட்டும் அவற்றைப் ‘பெரிய மீன்’ என்று சொல்லி வைத்தோம்.

ஆனால் எல்லா இடமும் அப்படியில்லை. ஒரு வளைகுடாவில் உடைந்த கொம்புகள் எலும்புக் குவியல்போல் கிடந்தன; மேலே பழுப்புப் பாசி படர்ந்திருந்தது. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் குளிர்ந்தால் மீளலாம். 2010-இல் இவ்வாறு வெளுத்தபோது, பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசு தற்காலிகமாக மூடியது. 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது வெளுப்பு உறுதிசெய்யப்பட்டது. நான் பார்த்த குவியல் எந்த ஆண்டினது, நங்கூரத்தாலா வெப்பத்தாலா என்று பிரித்துச் சொல்லும் அறிவு எனக்கில்லை.

படகேறியதும் அம்மா கேட்டார்: “இதுதான் மோதிரத்துல வைக்கிற பவளமா?” நல்ல கேள்வி. நவமணிகளுள் ஒன்றாகிய செம்பவளம் வேறு இனம். மத்தியதரைக் கடல் அதற்குப் பெயர்பெற்றது. இங்குள்ளது மணியாகத் தேறாது. “அப்ப எடுத்துட்டுப் போனாலும் பிரயோசனம் இல்லை” என்று முடித்தார். கடல் பூங்காவின் அறிவிப்புப் பலகைகளைவிட இது சுருக்கமாக இருந்தது.

பிற்பகலில் பச்சை ஆமை ஒன்று கடற்புல் மேய்வதைக் கண்டோம். நான் சிறுவனாக இருந்தபோது கோலா திரங்கானு சந்தையில் ஆமை முட்டை குவித்து விற்பார்கள். 1950-களில் ரந்தாவ் அபாங் கரையில் ஆண்டுக்குப் பத்தாயிரம் அளவில் கூடமைத்த பேராமைகள் இன்று ஏறத்தாழ இல்லை. திரங்கானுவில் எல்லாவகை ஆமை முட்டை விற்பனைக்கும் 2022 ஜூன் முதல் தடை. தடை வந்தபோது பேராமையைப் பொறுத்தவரை காலம் கடந்துவிட்டிருந்தது என்பது என் எண்ணம்.

மூன்றாம் நாள் கரையோரம் நீந்தினோம். இடுப்பளவு நீர்தான். மனைவியும் மகளும் நானும் முகம் கவிழ்த்து மிதந்தோம். அரைமணி கழித்து நிமிர்ந்தால், அம்மா சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள் நின்றிருந்தார். நாற்பத்தோராண்டுகளில் அவர் நீரில் கால் வைத்து நான் கண்டதில்லை. “மீன் பார்த்தீங்களாம்மா?” என்றேன்.

“மீனெல்லாம் பார்க்கலப்பா. மூணு தலை தெரியுதான்னு எண்ணிக்கிட்டே இருந்தேன்.”

அன்று வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை.

ஊர் திரும்புமுன் கோலா திரங்கானுவின் டூயோங் தீவுக்குப் போனோம். மரக்கலம் கட்டும் கைவினைஞர்களுக்குப் பெயர்பெற்ற இடம் அது. வரைபடம் இல்லாமல், செங்கால் மரப் பலகைகளை மர ஆணிகளால் இணைத்து முதலில் வெளியுடலைச் சமைப்பார்கள், உள்விலா பிறகுதான். பலகை இடுக்கில் கெலாம் மரப்பட்டை வைப்பார்கள். நனைந்தால் அது ஊதி நீரை அடைக்கும். கற்றுக்கொள்ள இளையோர் வருவது குறைந்துவிட்டதாம். அம்மா ஒரு பழைய கலத்தின் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அவருடைய அப்பா வந்த கப்பல் இரும்பாலானது என்றாலும்.

போக விரும்பும் ஆசிரிய நண்பர்களுக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் செல்லுங்கள். முதுகு வெயிலில் வெந்துவிடும். களிம்பைவிட நீண்ட கைச்சட்டை நல்லது. நீந்தத் தெரிந்தாலும் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாதீர்கள். மகள் இப்போது ஈப்போவில் வாரம் இருமுறை நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். மாதக் கட்டணத்தை அம்மாதான் தம் சேமிப்பிலிருந்து கொடுக்கிறார். குளத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தும்கொள்கிறார்.