படுத்தால் போகுமா முதுகுவலி?

முதுகுவலி என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் போதும், தெருவில் உள்ள அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிடுவார்கள். என் மாமியாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்ட அன்று வந்த யோசனைகளை வைத்து ஒரு தொடர்கதையே எழுதலாம். விளக்கெண்ணெய், நொச்சி இலை ஒத்தடம், எதிர்வீட்டு அம்மாள் சிபாரிசு செய்த மின்சார மிஷின்! ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சி: "படுக்கையை விட்டு அசையவே கூடாது."

அத்தை படுத்தார். ஒன்பது நாள் படுத்தார். வாசல் தெளித்துக் கோலம் போடாமல் காப்பியைத் தொடாதவர், பத்தாம் நாள் குளியலறைக்குப் போக எங்கள் இருவர் தோளையும் பிடித்துக்கொண்டார். வலிகூட அவ்வளவு இல்லை, பயம். கால்கள் துவண்டன. "பாட்டியும் இப்படித்தான் படுத்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை" என்றார் என் கணவர், இரவு மெல்லிய குரலில்.

மறுநாள் டாக்டர் அனுப்பிய பிஸியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். காய்ச்சல் உண்டா, கீழே விழுந்தீர்களா, கால் மரத்துப் போகிறதா, சிறுநீர் கழிப்பதில் தொல்லை உண்டா என்று துருவித் துருவிக் கேட்டாள். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டுமாம். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், "எழுந்து நடக்கலாம், பாட்டி" என்றாள்.

"ஊரெல்லாம் படு என்கிறது, நீ நட என்கிறாய். உன் பேச்சுக்கு என்ன அத்தாட்சி, பெண்ணே?" என்றார் அத்தை.

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்!

முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடுமாம். அதனால்தான் எண்ணெய் தடவியவர் எண்ணெயைப் புகழ்கிறார், படுத்தவர் படுக்கையைப் புகழ்கிறார். எது உண்மை என்று அறிய, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் வலி குறைந்தவர்கள் நடப்பார்கள், அதிகமானவர்கள் படுப்பார்கள். ஒப்பிடுவதில் நியாயம் இராது. அப்படிப் பிரித்து, 1986-ல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில் 203 பேரில் சிலரை இரண்டு நாளும் மற்றவர்களை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள்காரர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவிகிதம் குறைவு. மற்றபடி குணமானதில் வித்தியாசமே இல்லை. 1995-ல் பின்லாந்தின் ஹெல்ஸிங்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் பார்த்ததில், முடிந்தவரை அன்றாட வேலைகளைச் செய்து வந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். படுத்தவர்கள் கடைசி. முதுகுக்கென்று தேகப்பயிற்சி செய்தவர்கள்கூட அன்றாட வேலைக்காரர்களை மிஞ்சவில்லை!

தன் தொழிலுக்கே பாதகமான செய்தியை ஒளிக்காமல் சொன்னாளே, அங்கேதான் எனக்கு அவள்மேல் நம்பிக்கை பிறந்தது. மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்குப் பயிற்சி உதவும் என்றும் சொன்னாள்.

"அந்த மின்சார மிஷின்?" என்றார் அத்தை, விடாமல்.

"அல்ட்ராசவுண்டா? என்னிடமும் இருக்கிறது, பாட்டி. முதுகுவலிக்கு அதை வைக்க வேண்டாம் என்று 2016-லேயே இங்கிலாந்தில் வழிகாட்டுதல் வந்துவிட்டது. உங்கள் பணம்தான் கரையும். ஒத்தடம் வேண்டுமானால் கொடுத்துக்கொள்ளுங்கள், சூடு கொஞ்சம் இதமாக இருக்கும்."

பிறகு, "முதலில் எதைச் செய்ய ஆசை?" என்று கேட்டாள். ஒன்பது நாளில் அத்தையை யாரும் கேட்காத கேள்வி அது. கோலம் என்றார். அன்று கூடத்திலிருந்து வாசல் வரை நடை, மறுநாள் இருமுறை, அப்புறம் முக்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குனிதல். மூன்றாவது வாரம் ஐந்து புள்ளிக் கோலம் வாசலில் விழுந்தது. கோணல்தான்; என் கணவர் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார்.

இப்போது எங்கள் வீட்டில் வேறு தொல்லை. ரசத்துக்கு உப்புப் போதும் என்று நான் சொன்னால், "என்ன அத்தாட்சி?" என்கிறார் அத்தை.